பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளை யார் பொறுப்பில்? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கோடை முகாம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் கடைசி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் திறன்மிகு இளையோர் மையம் நடத்தும் மூன்று வாரக் கோடை முகாமுக்குப் பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டணம் ஐயாயிரம் டாலருக்கு மேல், அதுவும் முன்கூட்டியே கட்டியது. பெட்டி கட்டியாயிற்று, விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. தொடங்க ஓரிரு நாளே இருக்கையில் மையத்திடமிருந்து தகவல் வந்தது: சில வளாகங்களில் முகாம் நடக்காது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கோடைத் திட்டம் அத்தோடு முடிந்தது. மையம் சொன்ன முக்கியக் காரணம், போதுமான பணியாளர்கள் இல்லை என்பது. கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தார்கள்.

பெயருக்குக் குறைவில்லை, மாணவர்களுக்குக் குறைவில்லை, இடமும் பேசியாயிற்று. அப்புறம் ஆள் போதாமல் ஒரு முகாமே நின்றுபோகுமா, இருக்கிறவர்களை வைத்து ஒப்பேற்றியிருக்கலாமே என்று பல பெற்றோருக்குத் தோன்றியிருக்கும். தோன்றுவது நியாயம்தான். ஆனால் இப்படிப்பட்ட முகாமில் பணியாளர் வேலைகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால், ஒப்பேற்ற முடியாத இடங்கள் எவை என்பது தெரியும். யார் என்ன வேலை செய்கிறார் என்ற பட்டியலை விட, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஒரு பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் இதற்கு உதவும். நான் இந்த நிகழ்வை அப்படித்தான் படிக்கிறேன்.

முகாம் வந்த வழி

1969ல் பால்டிமோரில் ஜோசப் பேட்ஸ் என்ற பையன், வயது பதின்மூன்று, பள்ளியில் சொல்லிக்கொடுப்பது எதுவும் அவனுக்குப் போதவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜூலியன் ஸ்டான்லி, கல்லூரியில் சேர விரும்பும் பெரிய பிள்ளைகள் எழுதும் சாட் தேர்வை அவனுக்குக் கொடுத்துப் பார்த்தார். பையன் அசத்திவிட்டான், அந்த வயதிலேயே பல்கலைக்கழகத்திலும் சேர்ந்துவிட்டான். 1971ல் கணிதத்தில் முந்தி நிற்கும் பிள்ளைகளைத் தேடிப் பின்தொடரும் ஆய்வை ஸ்டான்லி தொடங்கினார். 1979ல் அதிலிருந்து இந்த மையம் பிறந்தது. 1980 கோடையிலேயே தங்கிப் படிக்கும் முகாம் தொடங்கிவிட்டது. டியூக், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகங்களும் அதே தடத்தில் வந்தன. மார்க் ஜுக்கர்பெர்க், செர்ஜி பிரின், லேடி காகா எல்லாரும் இந்த மையத்தின் பழைய மாணவர்கள். அமெரிக்காவில் வாழும் நம்மவர் குடும்பங்களிலும் இந்த முகாமின் பெயர் நன்றாகவே தெரியும்.

மூன்று வாரம், ஒரே ஒரு பாடம். எண் கோட்பாடு எடுத்தால் எண் கோட்பாடு மட்டும். மதிப்பெண் கிடையாது, கடைசியில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் விரிவாக எழுதித் தருவார்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. முகாம் நடக்கும் வளாகங்களில் பெரும்பாலானவை ஹாப்கின்ஸுக்குச் சொந்தமில்லை. பென்சில்வேனியாவில் லங்காஸ்டரில் இருக்கும் ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரி, கார்லைலில் இருக்கும் டிக்கின்சன் கல்லூரி போன்றவற்றை, அங்கே மாணவர்கள் இல்லாத கோடையில் வாடகைக்கு எடுத்துத்தான் இந்த முகாம் நெடுங்காலம் நடந்துவந்திருக்கிறது. சாப்பாட்டுக் கூடம் அந்தக் கல்லூரியுடையது, அறைச் சாவி அவர்களுடையது, வளாகக் காவலரும் அவர்கள் ஆட்கள். முகாமுக்கென்று வரும் பணியாளர்களோ பெரும்பாலும் ஒரு கோடைக்கு மட்டும் சேர்ந்தவர்கள். ஜூனில் கூடி ஆகஸ்டில் கலைந்துவிடுகிற நிர்வாகம் இது. நிரந்தர ஊழியர்கள் பால்டிமோர் தலைமையகத்தில் இருப்பார்கள். வளாகத்தில் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டும் பிள்ளைக்குக் கதவு திறப்பவர், போன மாதம் வரை வேறு ஏதோ கல்லூரியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பத்தொன்பது வயது இளைஞர்.

இரண்டு பாதிகள்

நம் ஊர் விடுதியில் வார்டன் என்று ஒருவர் இருப்பார். சாவி அவரிடம், மெஸ் கணக்கு அவரிடம், காய்ச்சல் வந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும், வீட்டிலிருந்து போன் வந்தாலும் அவர்தான். இந்த முகாமில் அந்த ஒரு ஆளைப் பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதவி கொடுத்திருக்கிறார்கள்.

உச்சியில் வளாகத் தலைவர். கல்லூரி நிர்வாகத்தோடு பேசுவது, பெற்றோரின் கோபத்தை எதிர்கொள்வது, ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் முடிவெடுப்பது எல்லாம் அவர் தலையில். அவருக்குக் கீழே முகாம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் கல்வி டீன். அவருக்குக் கீழே ஆசிரியர்கள், ஆசிரியருக்கு உதவும் டி.ஏ.க்கள். மறுபக்கம் விடுதி டீன். அவருக்குக் கீழே மூத்த விடுதி உதவியாளர்கள், அவர்களுக்குக் கீழே எல்லாரும் ஆர்.ஏ. என்று கூப்பிடும் விடுதி உதவியாளர்கள். இவர்களைத் தவிர ஓர் ஆலோசகர், மருந்துகளைப் பார்த்துக்கொள்ளும் சுகாதாரப் பணியாளர்கள், அலுவலகம், ஆய்வகப் பொருளும் ஜெராக்ஸும் கவனிக்கும் உதவியாளர்கள்.

வகுப்பறைப் பக்கத்து வேலை எளிதில் புரியும். பதினைந்து பேர் அளவில் ஒரு வகுப்பு. ஆசிரியர் பாடத்திட்டத்தை முன்பே எழுதி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பள்ளியில் ஒரு வருஷம் நடத்துவதை மூன்று வாரத்தில் நடத்தும் பாடங்களும் உண்டு. டி.ஏ. வகுப்பில் கூடவே இருப்பார், தாள் திருத்துவார், மாலைப் படிப்பு நேரத்தைப் பார்த்துக்கொள்வார், ஆசிரியர் வெளியே போனால் வகுப்பு அவர் கையில். மூன்றாம் வாரம் ஆசிரியருக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதும் வாரம். பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு இரவில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஒன்றாக எழுத வேண்டும். பொத்தாம்பொதுவாக எழுதினால் டீன் திருப்பி அனுப்புவார். இதெல்லாம் கடினமான வேலைதான், ஆனால் எல்லையுள்ள வேலை. மணி அடித்தால் முடியும்.

மறுபாதிக்கு மணி கிடையாது.

ஒரு நாளின் கைமாற்றங்கள்

வழக்கமான நாளின் வடிவம் ஏறக்குறைய இப்படி: காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வகுப்பு, மதியம் ஒன்றிலிருந்து மூன்று மறுபடி வகுப்பு, பிறகு விளையாட்டும் பொழுதுபோக்கும், இரவு உணவு, ஏழிலிருந்து ஒன்பது மேற்பார்வையில் படிப்பு, பிறகு விடுதி, விளக்கணைப்பு. வாரத்துக்கு ஐந்து நாள் படிப்பு. வார இறுதியில் நடனம், போட்டி, துணி துவைக்கும் நேரம்.

இந்த அட்டவணையில் பிள்ளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். எழுந்து சிற்றுண்டிக்குப் போகும்வரை ஆர்.ஏ. வகுப்பில் நுழைந்ததும் ஆசிரியரும் டி.ஏ.வும். மதியச் சாப்பாட்டுக்கு மறுபடி கை மாறும், ஒரு மணிக்கு மறுபடி. மூன்று மணிக்கு விடுதிப் பக்கத்துக்கு, ஏழு மணிக்கு வகுப்புப் பக்கத்துக்கு, ஒன்பது மணிக்குத் திரும்ப ஆர்.ஏ.விடம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் தலை எண்ண வேண்டும்.

இதில் மிகவும் சிக்கலானது மூன்று மணிக் கைமாற்றம். மற்ற நேரங்களில் ஒரு வகுப்பு மொத்தமாகப் போய் மொத்தமாக வரும். மூன்று மணிக்கு வகுப்பு கலைகிறது. பதினைந்து பேரும் பதினைந்து பக்கம் போகிறார்கள். காலையில் ஒருவன் ஃபிரிஸ்பீக்கு எழுதிக் கொடுத்திருப்பான், இன்னொருத்தி ஓரிகமிக்கு, மற்றொருவன் சதுரங்கத்துக்கு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் ஆர்.ஏ. பொறுப்பு. அவர் கையில் இருக்கும் தாளில் உள்ள பிள்ளைகள் அவருடைய விடுதித் தளத்துப் பிள்ளைகள் அல்ல, அதனால் பாதிப் பேரின் முகம் அவருக்குப் பழக்கமில்லை. கழுத்தில் தொங்கும் லேன்யார்டு அட்டையைப் பார்த்துத்தான் பெயர் சரிபார்ப்பார். பட்டியலில் உள்ள ஒரு பெயருக்கு ஆளில்லை என்றால்? சந்தேகம் கேட்க ஆசிரியரிடமே நின்றுவிட்டானா, வயிற்றுவலி என்று மருந்தறைக்குப் போனானா, மனம் மாறி சதுரங்கத்துக்கே போய்விட்டானா, இல்லை அறைக்குப் போய்ப் படுத்துவிட்டானா? ஆர்.ஏ. உடனே வாக்கி டாக்கியில் அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும். அலுவலகம் மருந்தறையைக் கேட்கும், வகுப்பைக் கேட்கும், மற்ற நிகழ்ச்சிகளைக் கேட்கும். பத்தில் ஒன்பது தடவை பையன் தண்ணீர் குழாய்ப் பக்கம்தான் நின்றிருப்பான். அந்த ஒன்பது தடவையும் இதே மாதிரி தேடியாக வேண்டும் என்பதுதான் வேலை. "எங்கேயாவது இருப்பான்" என்று சொல்கிற ஆர்.ஏ.வை வைத்துக்கொண்டு முகாம் நடத்த முடியாது.

தேடுவதற்கு ஓர் ஆர்.ஏ. போனால், அவருடைய ஃபிரிஸ்பீ கூட்டத்தை யார் பார்ப்பது? அதனால் ஒவ்வொரு வேளையிலும் கையில் பிள்ளைகள் இல்லாத ஒருவர் கூடுதலாக இருந்தாக வேண்டும். மூத்த விடுதி உதவியாளர் என்ற பதவி இருப்பதே பெரும்பாலும் இதற்காகத்தான் என்பேன். பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா சுற்றுவதுபோல் தெரியும். ஆள் குறையும்போது முதலில் இந்தச் "சும்மா" ஆளைத்தான் எடுத்து ஒரு தளத்தில் போடத் தோன்றும். போட்டுவிட்டால் தாளில் எண்ணிக்கை சரியாகிவிடும், மூன்று மணிக்குத் தேட ஆளிருக்காது.

ஆர்.ஏ. என்பவர்

விடுதித் தளத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர். கல்லூரியில் ஒரு வருஷமாவது முடித்திருக்க வேண்டும். தங்க அறை, சாப்பாடு, ஒரு மொத்தச் சம்பளம். பணிக்குறிப்பில் பத்து வரி எழுதியிருப்பார்கள்: எழுப்புவது, அழைத்துப் போவது, நிகழ்ச்சி நடத்துவது, தளக் கூட்டம், விளக்கணைப்பு, விதி மீறல் பதிவு. நிஜ வேலை அந்த வரிகளுக்கு நடுவே இருக்கிறது.

சாப்பாட்டுக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஏ. தன் தளத்துப் பிள்ளைகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுவும் வேலையில் சேர்த்திதான். யார் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளை மூன்று நாளாகப் பிரெட்டும் சீஸும் மட்டுமே எடுக்கிறது, வெட்கத்தால் யாரிடமும் கேட்கவில்லை. இன்னொரு பெண் தட்டு நிறைய எடுத்துவிட்டு அப்படியே கொட்டுகிறாள். ஒருவன் ஒவ்வொரு வேளையும் கடைசி மேஜையில் தனியாக உட்காருகிறான். இதையெல்லாம் எந்தப் படிவமும் கேட்காது. ஆனால் அன்றிரவு தளக் கூட்டம் முடிந்ததும் ஆர்.ஏ. தன் மூத்தவரிடம் சொல்லியிருக்க வேண்டும், அவர் ஆலோசகரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டு ஏக்கம் முதல் நாளில் வருவதில்லை, அன்று எல்லாமே வேடிக்கை. இரண்டாம் மூன்றாம் இரவில்தான் விசும்பல் கேட்கும். அதுவும் இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் வேறொன்றும் சேர்ந்துகொள்ளும். பள்ளியில் எப்போதும் முதலாவதாக இருந்த பிள்ளை, தன்னைப் போலவே பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வந்திருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு கணக்கு வராமல் போனால் அது வெறும் கணக்கில்லை. வகுப்பில் முகம் சுருங்கியதை டி.ஏ. பார்க்கிறார், ராத்திரி அழுததை ஆர்.ஏ. பார்க்கிறார். இருவரும் வேறு வேறு டீனுக்குக் கீழே. இந்த இரண்டு தகவலும் ஒரே நாளில் ஒரே மேஜைக்கு வந்து சேராவிட்டால், ஒருவருக்கு அது மந்தமான மாணவன், இன்னொருவருக்கு அது அம்மாவைத் தேடும் பிள்ளை. இரண்டு டீன்களும் ஆலோசகரும் தினமும் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேசுவது, என்னைக் கேட்டால், முகாமின் மிக மலிவான, மிகப் பயனுள்ள ஏற்பாடு. வேலை நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

மருந்து, மின்னல், வேன்

இவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், இங்கே விதிகள் தெளிவு. முதல் நாள் பதிவின்போதே மாத்திரைகள் எல்லாம் மருந்துக்கடை லேபிள் ஒட்டிய அதே டப்பாவில் சுகாதாரப் பணியாளரிடம் போய்விட வேண்டும். கடும் ஒவ்வாமையில் உயிர்காக்கும் எபிபென் ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர் போன்றவை மட்டும் பிள்ளையோடு இருக்கலாம், அதுவும் எழுத்தில் ஒப்புதல் இருந்தால். கொடுத்த ஒவ்வொரு மாத்திரைக்கும் நேரமும் கையெழுத்தும் பதிவேட்டில் ஏறும். கிழக்குக் கடலோர மாநிலங்களில் கோடைப் பிற்பகலில் இடி மின்னல் சகஜம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை மைதானத்துக்குத் திரும்பக் கூடாது. பென்சில்வேனியாப் புல்வெளியில் உண்ணி கடித்து லைம் நோய் வருவது அதிகம் என்பதால், விளையாடி வந்த பிள்ளையின் காலைப் பார்க்கச் சொல்வதும் ஆர்.ஏ. வேலை. பதினைந்து பேர் ஏறும் பெரிய வேன்களை வாடகைக்கு எடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும். ஆள் நிறைய ஏறினால் அவை கவிழும் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2001லேயே எச்சரித்தது. அதனால் யார் வண்டி ஓட்டலாம், எந்த வண்டி என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

விமானத்தில் தனியாக வந்து போகும் பிள்ளைகளுக்கென்று தனிப் பணி உண்டு. முகாம் முடிந்து கிளம்பும் நாளில் ஒரு பணியாளர் பிள்ளையோடு விமான வாயில்வரை போய், விமானம் கிளம்பும்வரை அங்கேயே இருக்க வேண்டும். விமானம் நாலு மணி நேரம் தாமதமானால் அந்த நாலு மணி நேரமும் அவர் முகாமின் கணக்கில் இல்லை.

சான்றிதழ் என்ற வாசல்

2023ல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதி அவசியம். பணியாளர் என்றால் வேலைக்கு ஒப்புக்கொண்டவர் என்று அர்த்தமில்லை, பிள்ளைகளோடு இருக்கச் சட்டப்படி அனுமதி பெற்றவர் என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவே பல வாரங்கள் ஓடும்.

பென்சில்வேனியாவையே பாருங்கள். 2011 நவம்பரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கைதானார். 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. வழக்கில் நாட்டையே உலுக்கியது ஒரு தகவல். 2001லேயே உதவிப் பயிற்சியாளர் நிலையில் இருந்த ஒருவர் நேரில் பார்த்து, தன் மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். மேலாளர் தன் மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறார். காவல்துறைக்கோ குழந்தைகள் நலத்துறைக்கோ யாருமே சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே உள்ளவரிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதன்பிறகு மாநிலம் தன் குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்தி எழுதியது. அவற்றில் பெரும்பகுதி 2014 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளோடு வேலை செய்பவருக்கு மூன்று சான்று வேண்டும்: மாநிலக் காவல்துறையிடமிருந்து ஒன்று, குழந்தை வன்கொடுமைப் பதிவேட்டைப் பார்த்துத் தரும் ஒன்று, எஃப்.பி.ஐ.யின் கைரேகைச் சரிபார்ப்பு ஒன்று. இன்னொரு திருத்தம் முகாம் பணியாளரின் கடமையையே மாற்றியது. வன்கொடுமை என்று சந்தேகம் வந்தால், தெரிவிக்கும் கடமையுள்ளவர் தானே நேரடியாக மாநிலத்தின் சைல்ட்லைனுக்குச் சொல்ல வேண்டும், பிறகு தன் மேலாளருக்குச் சொல்ல வேண்டும். முன்பு மேலாளரிடம் சொன்னால் போதும் என்றிருந்தது.

முகாமில் மற்ற எல்லா விஷயத்திலும் ஆர்.ஏ.வுக்குச் சொல்லிக்கொடுப்பது "உன் மூத்தவரிடம் சொல், அவர் பார்த்துக்கொள்வார்" என்பதுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பத்தொன்பது வயதுப் பிள்ளை வரிசையைத் தாண்டித் தானே தொலைபேசியை எடுக்க வேண்டும். இதை ஒரு மணி நேரக் காணொளியில் காட்டிக் கையெழுத்து வாங்கினால் பதிவேடு நிறையும். இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை வீட்டில் நடப்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் கேட்பது எப்படி என்று வாய்விட்டுப் பேசி நடித்துப் பழக வேண்டும். முகாமுக்கு முந்தைய பயிற்சி நாட்களில் இதற்கு அரை நாள் ஒதுக்கினாலும் தகும்.

சரி, கணக்குக்கு வருவோம். மேரிலாந்து, மாசசூசெட்ஸ் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் முகாம் விதி வேறு. பணியாளர் ஒரு மாநிலத்தில் வீடு, இன்னொன்றில் கல்லூரி, மூன்றாவதில் முகாம் என்றிருப்பார். கைரேகை கொடுக்க நேரம் குறித்து நேரில் போக வேண்டும். கல்லூரித் தேர்வு நடக்கும் மே மாதத்தில் அவர் அதைத் தள்ளிப்போடுவார். ஏப்ரலில் "ஆள் எடுத்தாயிற்று" என்று தலைமையகம் எழுதி வைத்த பெயர், ஜூன் நடுவில் சான்று வராமல் நின்றிருக்கும். இன்னொருவருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்து விலகியிருப்பார்.

எண்ணிக்கை

அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோல்படி, இரவு தங்கும் முகாமில் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஒரு பணியாளர், அதற்கு மேல் பதினெட்டு வரை பத்துப் பேருக்கு ஒருவர். பின்பற்றுவது முகாமின் விருப்பம்தான், ஆனாலும் பரவலாக மதிக்கப்படும் அளவு.

ஒரு கணக்குக்கு 240 பிள்ளைகள் என்று வைப்போம், பாதி சிறியவர்கள், பாதி பெரியவர்கள். 15 கூட்டல் 12, ஆக 27 பேர். ஆனால் வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொருவருக்கும் ஓய்வு கொடுத்தால் 32 ஆகிவிடும். கட்டடங்கள் நம் வசதிக்குக் கட்டப்படவில்லை. ஒரு தளத்தில் 11 பேர், இன்னொன்றில் 5 பேர் என்று விழும், பையன்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஐந்து பேர் தளத்துக்கும் ஓர் ஆர்.ஏ. வேண்டும். தேடப் போவதற்குக் கை காலியான இரண்டு மூன்று பேர். காய்ச்சலில் படுத்த ஓர் ஆர்.ஏ. எப்போதும் உண்டு. 27 என்று தொடங்கியது 36, 37 என்று போய் நிற்கிறது. 27ல் நடக்கும் என்று நினைத்து ஆளெடுப்பவர் ஜூனில் மாட்டிக்கொள்வார்.

கல்விப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் விலகினால் அந்தப் பாடத்தை ரத்து செய்யலாம், பிள்ளைகளை வேறு பாடத்துக்கு மாற்றலாம். சேதம் பதினைந்து பேரோடு நிற்கும். விடுதிப் பக்கத்தில் ஐந்து பேர் குறைந்தால் சேதத்தை ஒரு தளத்தில் நிறுத்த முடியாது. மீதி உள்ளவர்களுக்கு ஓய்வு நாள் போகும், இரண்டாம் வாரத்தில் அவர்களும் விலகத் தொடங்குவார்கள். தொடங்கிய முகாமை நடுவில் கலைப்பதைவிடத் தொடங்காமல் விடுவதே மேல். ஆகவே 2023ல் மையம் எடுத்த கடைசி முடிவு தவறென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த முடிவு வந்த தேதிதான் தவறு.

எங்கே நழுவியது

இந்த மாதிரி முகாம்களின் உண்மையான ஆள்சேர்ப்பு அலுவலகம் முந்தைய வருட முகாம்தான். பிள்ளையாக வந்தவர் கல்லூரிக்குப் போனதும் ஆர்.ஏ. ஆகத் திரும்புவார். ஆர்.ஏ. அடுத்த வருடம் மூத்தவர் ஆவார், டி.ஏ. ஆசிரியர் ஆவார். இவர்களுக்குச் சான்றிதழ் முன்பே இருக்கும், பென்சில்வேனியாவில் அது ஐந்து வருடம் செல்லும். மூன்று மணிக் கைமாற்றத்தை இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, புதியவர்களுக்கு இவர்களே சொல்லித்தருவார்கள். 2020ல் கொரோனாவால் வளாக முகாம்கள் நடக்கவில்லை. டியூக்கின் திறனாளர் திட்டமோ அதே காலத்தில் மூடப்பட்டே போயிற்று. அந்த இடைவெளி இந்தச் சங்கிலியை அறுத்துவிட்டது என்பது என் கணிப்பு. முகாம் திரும்பத் திறந்தபோது ஏணியின் நடுப்படிகளில் ஆளில்லை.

கூலியும் ஒரு காரணம். ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத முகாம்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் குறைந்தபட்சக் கூலியிலிருந்தும் கூடுதல் நேரக் கூலியிலிருந்தும் விலக்கு தருகிறது. அதனால் இந்தத் துறையில் மொத்தத் தொகையாகப் பேசுவது பழக்கம். அந்தத் தொகையை விழித்திருக்கும் மணிகளால் வகுத்துப் பார்க்க எந்த மாணவருக்கும் தெரியும். 2023 ஜூனில் அமெரிக்காவில் வேலையின்மை 3.6 சதவீதம். காபிக் கடையில் மணிக்கூலி கிடைக்கும்போது, இரவும் பகலும் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்க அன்பு மட்டும் போதாது.

இனி இப்படி நடக்காமல் இருக்க முகாம் நடத்துகிற யாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆள் எண்ணிக்கையை இரண்டு பத்தியாக எழுதுங்கள்: ஒப்புக்கொண்டவர்கள், எல்லாச் சான்றும் வந்து பயிற்சித் தேதியும் உறுதியானவர்கள். முதல் பத்தியை யாருக்கும் காட்டாதீர்கள். தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று இரண்டாவது பத்தி மட்டும் பேசட்டும். எந்த வளாகத்தில் ஆர்.ஏ. எண்ணிக்கை எட்டவில்லையோ அங்கே அன்றே பிள்ளைச் சேர்க்கையைக் குறையுங்கள், அல்லது அந்த வளாகத்தையே மூடி அதன் பணியாளர்களைப் பக்கத்து வளாகத்துக்கு அனுப்புங்கள். சான்று மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் இந்த இடமாற்றத்துக்கே மூன்று நாலு வாரம் பிடிக்கும், ஆறு வாரம் என்று சொல்வது அதற்காகத்தான். விமானச் சீட்டை ரத்து செய்யவும், பிள்ளைக்கு வேறு ஏற்பாடு பார்க்கவும், கோபித்துக்கொள்ளவும் பெற்றோருக்கு அப்போது நேரமிருக்கும்.